முப்பது கிலோ பிரேக்

பிள்ளைகளே, திருச்சியில் பஸ் ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். போடப்போகிற பிரேக்கின் எடையை முன்கூட்டியே அறிவித்தவர் ஒருவர்தான். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகும் தனியார் பஸ்ஸில் அவர் டிரைவர், நான் கண்டக்டர். அவர் பெயர் பயணிகளுக்குத் தெரியாது. கிலோ டிரைவர் என்றால் தெரியும்.

ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முன்னால், "ஆறு கிலோ!" என்று குரல் கொடுப்பார்.

"கத்திரிக்காயா அண்ணே? அப்படியே என் பையில போடுங்க" என்பார் தினமும் வரும் காய்கறிக்கார அக்கா.

டிரைவர் சிரிக்க மாட்டார். "அக்கா, நீங்க அறுபது கிலோ..."

"யாரு சொன்னா?"

"ஒரு பேச்சுக்குங்க. வண்டி நொடிக்குப் பத்து மீட்டர் போகுது. உள்ள இருக்கிற நீங்களும் அதே வேகத்துலதான் போறீங்க. பெருக்கினா அறநூறு. அதான் உங்க உந்தம். வண்டி நிக்கும்போது அந்த அறநூறையும் உங்க கைதான் நிறுத்தணும். நான் பத்து நொடி எடுத்துக்கிட்டா, வகுத்தா அறுபது நியூட்டன். பத்து நியூட்டன்னா ஒரு கிலோ தூக்குற பலம். அப்போ ஆறு கிலோ தூக்குற பலம் போதும். ரெண்டே நொடியில நிறுத்தினா முந்நூறு. முப்பது கிலோ!"

"செவுத்துல மோதினா?"

"நொடியில பத்துல ஒரு பங்குல நின்னுடும். அறநூறு கிலோ. மண்ணச்சநல்லூர் அரிசி எட்டு மூட்டை."

அக்கா கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

இப்படிப் பத்து நொடி எடுத்து நிறுத்தியதால் தினமும் தாமதம். பின்னால் வருகிற பஸ் முந்திப்போய் எங்கள் ஆட்களை ஏற்றிக்கொள்ளும். ஒருநாள் முதலாளியே வந்து ஏறினார்.

"இன்னிக்கு நேரத்துக்குப் போகலேன்னா, நாளைக்கு வேற டிரைவர் வருவாருய்யா."

டிரைவருக்கு இரண்டு பெண்கள் கல்லூரியில் படிக்கிறார்கள். வண்டியை எடுத்தார். மற்ற பஸ்களைப் போலவே வேகமாகப் போனோம், வெடுக்கென்று நின்றோம்.

"என்ன அண்ணே, இன்னிக்குத் தராசு ரிப்பேரா?" என்றார் அக்கா. டிரைவர் முதலாளியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, கிலோ சொல்லாமலே அடுத்த பிரேக்கைப் போட்டார்.

காவிரிப் பாலத்தில், எங்களுக்கு முன்னால் போன ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தது. ஓர் அம்மா, பின்னால் பள்ளிச் சீருடையில் ஒரு குழந்தை.

"முப்பது!"

அந்த ஒரு சொல்லுக்கு பஸ் முழுக்கக் கம்பியைப் பிடித்தது. அக்கா பையைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடித்தார். அர்த்தம் தெரியாதவர் முதலாளி ஒருவர்தான். அவர் இன்ஜின் மூடிமேல் போய் விழுந்தார்.

வண்டி நின்றது. ஸ்கூட்டருக்கும் எங்களுக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கிற இடம்தான் இருந்தது. அம்மாவும் குழந்தையும் எழுந்தார்கள். குழந்தை அழுதது. அது காதில் விழுந்த பிறகுதான் டிரைவர் மூச்சு விட்டார்.

முதலாளி முழங்கையைத் தடவிக்கொண்டே எழுந்தார். "அது என்னய்யா முப்பது?"

பஸ்ஸே பதில் சொன்னது. ஆளுக்கு ஆள் பெருக்கினார்கள், வகுத்தார்கள். "நீங்க எழுவது கிலோ இருப்பீங்க. உங்களுக்கு முப்பத்தஞ்சு" என்றார் அக்கா.

முதலாளி பாலத்தில் நின்ற குழந்தையை வெகுநேரம் பார்த்தார். "இனிமே நேரத்தைப் பத்தி நான் கேக்க மாட்டேன். உங்க கணக்குப்படியே ஓட்டுங்க" என்றார்.

ஸ்ரீரங்கம் வந்த பிறகும் டிரைவர் சீட்டை விட்டு இறங்கவில்லை. டீ வாங்கி வந்து கொடுத்தேன். கிளம்ப வேண்டிய நேரம் தாண்டியது. அவர் கடைசி வாய் குடித்து முடிக்கும்வரை நான் விசில் ஊதவில்லை.