காய்க்காத சிறகவரை பற்றி மச்சானுக்கு

மதிப்பிற்குரிய மைத்துனர் டெல்ஃபின் அவர்களுக்கு, தங்கை புருஷன் செல்சோ வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் தங்கை பெலிசாவும் கோழிகளும் நலம். கப்பலை விட்டு மணிலாவில் இறங்கியிருக்கும் தங்கள் நலம் அறிய ஆவல்.

விஷயத்துக்கு வருகிறேன். கல்லறைத் திருநாளுக்கு நீங்கள் ஊருக்கு வர வேண்டாம்.

கோபப்படாமல் படியுங்கள். அம்மா விட்டுப்போன சிறகவரை விதையை என் கையில் கொடுத்து, "இதுல காய்ச்ச காயத்தான் தேங்காப்பால்ல சமைச்சு அம்மா கல்லறைல வைக்கணும். சந்தைக் காய வச்சு ஏமாத்துன, அப்புறம் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினீர்கள். நட்டேன். எங்களுக்கும் பக்கத்து வீட்டு நார்சிசா அக்காவுக்கும் நடுவிலிருக்கும் உயரமான மதில்மேல் ஏற்றிவிட்டேன். திருடன் பறித்துப் போகக் கூடாதென்று கொடிக்கு நேரே பெரிய விளக்கு மாட்டி, பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை எரியவிட்டேன். காவல் பலம், காய்தான் இல்லை. வெறும் இலை. சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து இலை, பூ, காய், கிழங்கு எல்லாமே சத்து என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து பெலிசா காலையில் கொழுந்து சூப்பு, மதியம் கொழுந்தும் கருவாடும், ராத்திரிக்கு மிச்சம். சத்தெல்லாம் போதும் மச்சான், ஒரு காய் கண்ணுல பட்டா போதும்.

செருப்பால் அடித்தால் கொடி வெட்கப்பட்டுக் காய்க்கும் என்று யாரோ சொன்னார்கள். அடித்தேன். பூசை முடிந்து வந்த ஊரே நின்று பார்த்தது. "கொடிக்கு வெக்கம் வந்துச்சோ என்னவோ, எனக்கு வந்துருச்சு, உள்ள வாங்க" என்றாள் பெலிசா. இதுக்கு நடுவுல நார்சிசா அக்கா வேற ரெண்டு நாளைக்கு ஒருதரம் சிறகவரைக் குழம்பு ஒரு கிண்ணம் குடுத்தனுப்புறாங்க. காயோட ஓரம் அம்மா காய் மாதிரியே ஊதா. குடுத்துவச்ச பொம்பளை. வந்த கிண்ணத்தை வெறுமனே திருப்பக் கூடாதே, நாங்க இலைய நிரப்பி அனுப்புறோம். இன்னைக்குக் காலைல பொறுமை போயிருச்சு. கொடிய வேரோட வெட்டி, கிழங்கையும் தோண்டி அவிச்சுத் தின்னுட்டோம். நல்லாத்தான் இருந்துச்சு.

ஆகவே அம்மாவுக்கு இந்த வருஷம் சோறும் பொரித்த மீனும்தான். அம்மா மன்னித்துவிடுவார். நீங்கள் மாட்டீர்கள், எனக்கு அதுதான் பயம். நீங்கள் வராவிட்டால் பெலிசா அழுவாள், வந்து திட்டினாலும் அழுவாள். நான் மிகவும் களைத்துவிட்டேன்.

பெனாஃப்ரான்சியா மாதா உங்களைக் கடலிலும் கரையிலும் காக்கட்டும்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
செல்சோ

பி.கு.: கடிதத்தை வாங்க மணிலா போகும் ராத்திரி பஸ் கண்டக்டர் வாசலில் நிற்கிறார், வீட்டில் வேறு தாள் இல்லை. மேலே உள்ளதை விட்டுவிட்டு இதை மட்டும் படியுங்கள். இப்போதுதான் நார்சிசா அக்கா கூடை நிறைய ஊதா ஓரக் காயோடு வந்தார். "செல்சோ, உன் கொடி என் பக்கம் வாடுதே, நோயா? மதில் நிழல்ல என்னமா காய்ச்சுது. உன் பக்கம் விடிய விடிய வெளக்க எரிச்சா எப்பிடிப்பா பூக்கும்? அதுக்கு இருட்டு வேணும். உன் காயத்தான் பறிச்சுக் கொழம்பு வைக்கிறேன், உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றார். உடனே பஸ் ஏறுங்கள். அம்மாவுக்குக் காய் இருக்கிறது, விதைக்கு முற்றவிட்டதும் இருக்கிறது. கொடியைக் காட்டு என்று மட்டும் கேட்காதீர்கள். எழுத்துக் கோணலுக்கு மன்னிக்கவும், கொடிக்கு மாட்டிய விளக்கை அணைத்துவிட்டு வாசல் இருட்டில் எழுதுகிறேன். "கொடியத்தான் வெட்டியாச்சே, இனிமே யாருக்காக அணைச்சீங்க?" என்று பெலிசா கேட்கிறாள்.