மொட்டை மாடியில் இந்து சமுத்திரம்

“செயலாளர் அவர்களுக்கு, மொட்டை மாடியில் இந்து சமுத்திரம் வரையப்பட்டிருக்கிறது. எனது உடுப்புக் கொடி அரபிக் கடலுக்கு மேலால் போகிறது. தயவுசெய்து கடலை அகற்றித் தரவும்.”

நாலாம் மாடி அன்ரி எழுதிய இந்தக் கடிதம் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. அவர் திகதி போடவில்லை. கிடைத்த நேரத்தை நான்தான் மூலையில் பென்சிலால் குறித்தேன்: ஞாயிறு, காலை எட்டரை, தூறல். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் நிர்வாகக் குழுவுக்கு நான் செயலாளர். நாள் குறிக்காத காகிதம் எனக்குத் தொந்தரவு.

கடலை வரைந்தவர் ஐந்தாம் மாடி கப்பல் சேர். சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லாமல் முப்பது கப்பல்களை நடத்திய ஒரே மனிதர் இந்த உலகத்தில் அவர்தான். பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரலாறு டியூஷன் எடுத்தார். மற்ற வாத்திமார் நோட்ஸ் கொடுத்தார்கள். இவர் மன்னார்க் கரையின் பழைய துறைமுகமான மாந்தையைக் கொடுத்தார். தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே செங்கடல், லிஃப்ட் அறைச் சுவரோரம் சீனம், நடுவில் இலங்கை. இலங்கை மட்டும் இந்தியாவை விடப் பெரிதாக இருந்தது. அளவுகோல் பற்றிக் கேட்டேன்.

“பிள்ளையள் நிக்க இடம் வேணும் தானே,” என்றார்.

பிள்ளைகள் துறைமுகம் துறைமுகமாக நகர்த்தி விளையாடிய பால்மா பெட்டிகள்தான் கப்பல்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. தாங்கி ஓரத்தில் கவிழ்த்து வைத்திருந்த ஒன்றுக்கு மட்டும் பெயர் இல்லை. அதை யாரும் தொடக் கூடாது.

அவருடைய விளையாட்டில் தாயக்கட்டைக்கு இடமில்லை. “வியாபாரி தாயம் போட்டோ கடலுக்குப் போனவன்? காத்தைப் பாத்தெல்லோ போனவன்,” என்பார். காற்றைக் காட்டியது அன்ரியின் உடுப்புக் கொடி. சேலைகள் காலி வீதிப் பக்கம் பறந்தால் கப்பல்கள் கிழக்கே போகலாம். கடற்கரைப் பக்கம் பறந்தால் மேற்கே. அசையாமல் தொங்கினால், அவரவர் நின்ற துறைமுகத்திலேயே உட்கார்ந்து அதன் வரலாற்றைப் படிக்க வேண்டும். இன்னொரு விதி: எங்கே போகிறோம் என்று உரக்கச் சொல்லாமல் ஒரு கப்பலும் புறப்படக் கூடாது.

விதிகள் எல்லோருக்கும் பொது. தாங்கியைத் திருத்த வந்த பைப் பாஸ் என்ற குழாய்க்காரரையும் மாந்தையில் மறித்து, என்ன சரக்கு, எங்கேயிருந்து என்று சிங்களத்தில் விசாரித்தார். “பைப் தெகக் அய்யே, பேலியகொட இந்தலா,” என்றார் அந்த மனிதர். பேலியகொடையிலிருந்து இரண்டு பைப் வந்திறங்கியதாகச் சேரின் துறைமுகப் பதிவேட்டில் இருக்கிறது. நான் பார்த்திருக்கிறேன்.

கடிதம் வந்த அன்று தூறல். அன்ரி உடுப்புத் தோய்க்கவில்லை. கொடி வெறுமையாக இருந்தது. காற்று எந்தப் பக்கம் என்று தெரியாமல் முழுக் கடற்படையும் நின்றுவிட்டது. எட்டு மணிக்கு மூன்று பிள்ளைகள் நாலாம் மாடிக் கதவைத் தட்டினார்கள்.

“அன்ரி, இண்டைக்கு உடுப்புத் தோய்க்கேல்லையோ? நாங்கள் செங்கடலில நிக்கிறம்.”

அரை மணித்தியாலத்தில் கடிதம் என் கையில் இருந்தது.

அடுத்த ஞாயிறு மொட்டை மாடியிலேயே கூட்டம். கடலின் மேல் வோட்டர்புரூஃப் பூச்சு அடிப்பதா என்பதுதான் விடயம். வாக்கு எப்படி விழும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பூச்சு வாளிகள்கூட வந்து படிக்கட்டில் இருந்தன. சேரின் வீட்டு அறையில் ஐந்து பிள்ளைகளுக்கு மேல் கொள்ளாது. கடல் போனால் வகுப்பும் போய்விடும். சேர் ஒரு பால்மா பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி மாந்தையில் நின்றார்.

எங்கள் தலைவர் சுங்கத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். லிஃப்டால் இறங்கித் தன் கதிரையை நோக்கி நடந்தார். ஒரு பிள்ளை மறித்தாள்.

“அங்கிள், எங்க போறதெண்டு சொல்லாமல் வெளிக்கிடேலாது.”

“கதிரைக்குப் போறன், பிள்ளை.”

“கதிரை மாந்தையில கிடக்கு. நீங்கள் மலாக்காவில நிக்கிறீங்கள். காத்து எதிர்.”

தலைவர் கொடியைப் பார்த்தார். அன்ரியின் சேலை காலி வீதிப் பக்கம் பறந்தது. துறைமுக விதியை மீறி அவருக்குப் பழக்கமில்லை.

“எவ்வளவு நேரம் நிக்க வேணும்?”

“காத்து திரும்ப ஆறு மாசம், அங்கிள்.”

அன்றைய கூட்டக் குறிப்பில் நான் எழுதியதை மாற்றாமல் தருகிறேன்: “தலைவர் மலாக்கா நீரிணையில் காற்றுக்காகக் காத்திருந்தபடியால் வாக்கெடுப்பு தாமதமானது.”

அன்ரிக்குப் பொறுமை போய்விட்டது. “புத்தகத்தை வைச்சுப் படிப்பிச்சா என்ன, சேர்? எங்க போறம், எங்க போறம் எண்டு ஒவ்வொரு ஞாயிறும் என்ர தலைக்கு மேல கத்துறதுகள்.”

சேர் பெட்டியைக் கீழே வைத்தார். “எனக்குப் பத்து வயசில, கலவரத்தில எங்கட வீடு எரிஞ்ச கிழமை, இங்க கொழும்பிலதான் கப்பலில ஏத்தினவை அக்கா. எங்க போகுதெண்டு அம்மாவுக்கும் தெரியாது. இறங்கேக்கதான் இது வடக்கு, காங்கேசன்துறை எண்டு சொன்னவை. என்ர பிள்ளையள் தெரிஞ்சு போகட்டும்.”

தலைவர் மலாக்காவிலேயே நின்றார். அன்ரி கொடியை அண்ணாந்து பார்த்தார்.

“கொடியைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டித் தாங்கோ. பிள்ளையளின்ர தலையில முட்டுது.”

குறிப்பு: கடல் அகற்றப்படவில்லை. கொடி ஓரடி உயர்த்தப்பட்டது. புகார் மீளப் பெறப்பட்டது.

அதன் பிறகு மழையோ வெயிலோ, ஞாயிறு ஏழு மணிக்குக் கொடியில் ஏதாவது ஒன்று தொங்கியது. தோய்க்க ஒன்றும் இல்லாத ஒரு நாள் அன்ரி அலுமாரியில் இருந்து மடித்த வெள்ளைப் போர்வையை எடுத்து, குழாயடியில் நனைத்துக்கொண்டு மேலே போனதை நான் படிக்கட்டில் கண்டேன். அவரும் என்னைக் கண்டார். அது எந்தக் குறிப்பிலும் ஏறவில்லை.

போன வருடம் சேர் மகளிடம் போனார். வாகனம் கீழே நிற்க, பிள்ளைகள் வாசலை மறித்து நின்றார்கள். சேர் பயணப் பெட்டியோடு நிமிர்ந்து நின்று “ரொறொன்ரோ” என்று உரக்கச் சொன்னார். விட்டார்கள்.

போகுமுன் அந்தப் பெயரில்லாத கப்பலை என்னிடம் தந்தார். “நீர்தானே எல்லாம் தேடிக் குறிச்சு வைக்கிற ஆள். பேரைக் கண்டுபிடிச்சு எழுதிவிடும்.” தேடினேன். அந்த நாட்களில் கப்பலேறிய இரண்டு பேரிடம் விசாரித்தேன். இருவரும் இரண்டு பெயர் சொன்னார்கள். சேர் ஏறிய கப்பல் எது என்பது இதுவரை உறுதிப்படுத்தப்படவில்லை. ஞாயிறுகளில் பெட்டியின் தூசியைத் துடைத்து, மாந்தையில் கொண்டுபோய் வைக்கிறேன்.