சுங்குடி கட்டிய வேம்பு

ஆண்டிச்சாமியின் ஷேர் ஆட்டோ வீட்டு முற்றத்தில் நின்றது. அதனை வெளியே கொணர வேண்டிய வாசலின் குறுக்கே, தெருவையும் பாதி அடைத்துக்கொண்டு, ஒரு வேப்பமரம் படுத்திருந்தது.

வங்கக் கடலோரத்தில் கரையேறிய புயல், வழியெல்லாம் வலுவிழந்து, மதுரைப் பக்கம் வந்தபோது வெறும் காற்றாகிவிட்டது என்று செய்தியில் கூறினார்கள். அந்த வெறும் காற்றுத்தான் அவனியாபுரத்தின் அச்சிறு தெருவிலே மின்கம்பத்தைச் சாய்த்து, குடிநீர்க் குழாயை உடைத்து, சாக்கடையைத் தெருவுக்கு அழைத்து வந்து, போகிற போக்கில் வேம்பையும் ஆண்டிச்சாமியின் வாசலில் கிடத்திவிட்டுப் போயிற்று. செய்தி வாசித்தவர் அவ்வீட்டைப் பார்த்திருந்தால் 'வெறும்' என்னும் சொல்லைத் திரும்பப் பெற்றிருப்பார்.

புகார் எண்ணை அழைத்தபோதெல்லாம் ஒரு பெண்குரல் இனிமையாகப் பேசிற்று.

"பதிஞ்சாச்சு சார். வரிசைப்படி வருவாங்க."

"வரிசை எங்கம்மா நிக்கிது?"

"கடலோர மாவட்டத்துல சார்."

மின்சாரக்காரர்களும் மரம் அறுப்பவர்களும் பெரும்பாலும் அங்கேதான் அனுப்பப்பட்டிருந்தனர். வீடிழந்தவர்களுக்கு முதலில் உதவுவதே நியாயம் என்பதை ஆண்டிச்சாமி ஒப்புக்கொண்டார். ஆனால், ஆட்டோ ஸ்டாண்டு ஒப்புக்கொள்ளவில்லை.

"மாப்ள, ஞாயித்துக்கெழமைக்குள்ள வண்டி வரலைன்னா ஓன் எடம் பின்னாடி வண்டி சூரியபிரகாசுக்குப் போயிரும்," என்றார் ஸ்டாண்டின் தலைவர் நல்லகாமன், கைப்பேசியில். "நானாப் போட்ட சட்டமில்ல. நீயும் கைதூக்கித்தான் போட்டது."

கைதூக்கியது உண்மை. பெரியார் பேருந்து நிலையத்துக்குப் புறப்படும் வண்டிகளிலே காலை மூன்றாம் இடம் ஆண்டிச்சாமியுடையது. பூக்காரிகளும் ஜவுளிக்கடைப் பெண்களும் அந்நேரத்தில்தான் வருவர். அவ்விடம் போனால், உச்சிவெயிலில் ஆளில்லாத வண்டியோடு கடைசியில் நிற்க வேண்டியதுதான்.

அன்று பொழுது சாயும் வேளையில், வேகமாக வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று வேம்பின் கிளையருகே சறுக்கி நின்றது. ஓட்டி வந்தவர் தம் செருப்பைக் கிளைக்குள்ளே தேடிக்கொண்டே, "ஒரு செவப்புத் துணியாச்சும் கட்டி வைக்கக் கூடாதாண்ணே," என்று கடிந்துகொண்டார்.

சொன்னது சரியென்றே ஆண்டிச்சாமிக்குப் பட்டது. மனைவி முத்துமீனா அடுத்த தெருவுக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். பீரோவைத் திறந்ததும் முதலில் கைக்கு அகப்பட்ட சிவப்பு, தங்கச் சரிகையிட்ட ஒரு சுங்குடிச் சேலை. அதனை எடுத்துச் சென்று, எல்லார் கண்ணிலும் படும்படி, வேம்பின் நடுக்கிளையிலே நன்றாகச் சுற்றிக் கட்டினார்.

எல்லார் கண்ணிலும் பட்டது.

விடிந்து அவர் வாசலுக்கு வந்தபோது, அடிமரத்தில் மஞ்சள் பூசி மூன்று குங்குமப் பொட்டுகள் இடப்பட்டிருந்தன. கிளையிலே எலுமிச்சை மாலை ஆடிற்று. எதிர்வீட்டில் இட்லிக்கடை வைத்திருக்கும் மலையம்மாள் மஞ்சள் நீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா இது?"

"என்ன இதுவா? ஆத்தா வந்து படுத்திருக்கா. சேலை கட்டுனவனுக்கே தெரியலையா?"

"ஐயையோ, அது ஆபத்துன்னு காட்டறதுக்குக் கட்டுனதுக்கா."

"ஆபத்துன்னாத்தானப்பா ஆத்தா வருவா," என்று சொல்லிவிட்டு மலையம்மாள் குலவையிட்டார். அந்தத் தெருவில் ஒரு குலவை தனியே நின்று பழக்கமில்லை. நான்கு வீடுகளிலிருந்து மறு குலவை எழுந்தது.

சற்றுப் பொறுத்து, பதிந்த புகாரின்பேரில், மரம் அறுக்கும் ஒப்பந்தக்காரரின் ஆள் அழகுமலை, மெஷினும் இரண்டு துணையாட்களுமாக வந்து இறங்கினார். ஆண்டிச்சாமிக்குப் போன உயிர் மீண்டது. அழகுமலை மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். மெஷினைத் திரும்ப வண்டியில் ஏற்றச் சொன்னார்.

"என்னண்ணே, அறுக்கலையா?"

"எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ள இருக்குண்ணே. சேலை கட்டுன மரத்துல நான் மெஷின் வைக்க மாட்டேன்."

"சேலை எம் பொண்டாட்டிதுண்ணே."

"யாரு குடுத்தா என்ன? கட்டிக்கிட்டது ஆத்தா."

அவர் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்த ஆண்டிச்சாமியின் பின்னால் முத்துமீனா வந்து நின்றாள்.

"பொங்கலுக்குக் கட்டணும்னு எடுத்து வச்ச சேலை. கட்டுன கையாலயே அவுத்துட்டு வாங்க."

சேலை இறங்கினால் சாமியும் இறங்கிவிடும். அழகுமலையைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். இவ்வாறு கணக்கிட்ட ஆண்டிச்சாமி, யார் முகத்தையும் பாராமல் மரத்தின்மேல் ஏறி முடிச்சிலே கை வைத்தார்.

"தள்ளி நில்லுங்கப்பா. பூசாரி சேலை மாத்தப் போறாரு," என்றது மலையம்மாளின் குரல்.

கூட்டம் பயபக்தியுடன் விலகிற்று. யாரோ ஒருவர் புத்தம் புதிய மஞ்சள் சேலையை நீட்டினார். ஆண்டிச்சாமி அதனை வாங்க மறுக்கும் வகையறியாமல் வாங்கினார். வாங்கியதைக் கட்டாமல் இறங்கும் துணிவு அவருக்கு இல்லை. ஆகவே, சுங்குடியை அவிழ்க்கப் போனவர், அதன்மேல் இன்னொரு சேலையையும் கட்டிவிட்டு இறங்கினார். இறங்கியதும் ஓர் அம்மாள் திருநீறு கேட்டுக் குனிந்தார். பூசிவிட்டார், வேறென்ன செய்வது?

"சேலை எங்கங்க?" என்றாள் முத்துமீனா.

"உள்ள இருக்கு."

"வீட்டுக்குள்ளயா?"

"சேலைக்குள்ள."

மறுநாள் பக்கத்து வில்லாபுரத்திலிருந்தும் ஆட்கள் வந்தனர். அவர்களை ஏற்றிவந்து இறக்கியவன் சூரியபிரகாஷ். "நல்ல ஓட்டம்ணே, ஆத்தா புண்ணியத்துல," என்று அவன் உண்மையான நன்றியுடன் கூறியது ஆண்டிச்சாமிக்குச் சுருக்கென்று தைத்தது.

இனி மறைப்பதில் பயனில்லை என்று அவர் கவுன்சிலரம்மாவிடமே போய், உள்ளது உள்ளபடி சொல்லி, அழைத்து வந்தார். அவரும் வழிநெடுக, "மூடநம்பிக்கைய வளர விடக் கூடாதுண்ணே. நான் வந்து ரெண்டு வார்த்தை சொல்றேன்," என்றுதான் வந்தார்.

தெருமுனையில் திரும்பிக் கூட்டத்தைக் கண்டதும் அவரது நடை மெதுவாயிற்று. தலையில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"இம்புட்டுச் சனம் வருதா?" என்றார் மெல்லிய குரலில்.

"பொங்க வைக்கத் தண்ணி இல்லம்மா," என்று மலையம்மாள் எதிர்கொண்டார். "பொழுது சாஞ்சா ஆத்தா இருட்டுல கெடக்கா. சாக்கடை காலடி வரைக்கும் வந்து நிக்கிது. பாத்துக்கிட்டிருக்கீங்களே."

கவுன்சிலரம்மா இரண்டு வார்த்தை சொன்னார். ஆனால், அவற்றைக் கைப்பேசியில் சொன்னார். முற்பகலில் தண்ணீர் லாரி வந்தது. அதன் பின்னாலேயே சாக்கடை வாரும் ஆட்கள் வந்தனர். தெரு முழுதும் பிளீச்சிங் பவுடர் தூவினர். சாயுங்காலத்துக்குள் புதிய மின்கம்பம் நட்டு விளக்கெரிய வைத்துவிட்டனர். குழாயின் உடைப்பையும் அடைத்தாயிற்று. புயல் கலைத்துப் போட்ட தெரு, புயலுக்கு முன் இருந்ததைவிடச் சீராயிற்று. சீராகாமல் எஞ்சியது வாசலில் கிடந்த வேம்பும், உள்ளே நின்ற ஆட்டோவுந்தான்.

"மாப்ள, நாளைக்கு ஞாயிறு," என்று நல்லகாமன் நினைவூட்டினார்.

விடிந்ததும் ஆண்டிச்சாமி எதிர்வீட்டுப் படியேறினார்.

"அக்கா, ஆத்தா மேல எனக்கும் பயம் உண்டு. ஆனா எம் பொழப்பு போகப் போகுது. இன்னைக்கு வண்டி ஸ்டாண்டுல நிக்கலைன்னா, ரெண்டு புள்ளைகளையும் வச்சுக்கிட்டு நான் என்ன செய்வேன்?"

மலையம்மாள் இட்லித் தட்டை இறக்கி வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தெருவையும், புதுக்கம்பத்தையும், வறண்டு கிடந்த சாக்கடையையும் ஒரு பார்வை பார்த்தார்.

"இதை முன்னாடியே சொல்ல வேண்டியதுதான தம்பி. ஆத்தாகிட்டயே உத்தரவு கேட்ருவோம். பூக்கட்டிப் போட்டுப் பாப்போம்."

அந்த வழக்கத்தை அறியாதவர் அங்கு யாருமில்லை. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் மடித்துச் சாமிமுன் போடுவார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் மறுபேச்சில்லை. அழகுமலையை மெஷினோடு வரவழைத்தனர்.

ஆண்டிச்சாமியின் மனத்தில் ஒரு கள்ளம் புகுந்தது.

"நான் மடிக்கிறேன்க்கா," என்று கை நீட்டினார்.

"பூசாரி மடிக்கக் கூடாது," என்று அந்தக் கையைத் தட்டிவிட்டு, மலையம்மாளே முந்தானை மறைவில் இரண்டு இலைப் பொட்டலங்களை மடித்து மரத்தடியில் போட்டார். "மெஷின் பிடிக்கிற கைதான் எடுக்கணும்."

அழகுமலை குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். ஆண்டிச்சாமி கண்களை மூடிக்கொண்டார்.

"வெள்ளை," என்றார் அழகுமலை.

குலவை விண்ணை எட்டிற்று. சேலைகள் இரண்டையும் மரியாதையாக அவிழ்த்தார்கள். சுங்குடி முத்துமீனாவிடம் வந்து சேர்ந்தது. அழகுமலை கற்பூரம் ஏற்றிக் கும்பிட்ட பிறகே மெஷினை முடுக்கினார். ஒரு நாழிகைக்குள் வாசல் திறந்தது.

வண்டி போகத் தழைகளை ஒதுக்கிய ஆண்டிச்சாமியின் காலடியில் அந்த மற்றொரு பொட்டலம் கிடந்தது. எடுத்துப் பிரித்தார். அதனுள்ளும் வெள்ளைப் பூவே இருந்தது.

அவருக்கு உடம்பு சிலிர்த்தது. தம் நெருக்கடி கண்டு சிவப்பை வெள்ளையாக்கிய தாயை எண்ணிக் கண் கலங்கினார். 'மரத்தை மரமென்று நினைத்தேனே, தாயே' என்று மனத்துக்குள்ளே மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

ஆட்டோவைத் தெருவுக்குக் கொணர்ந்து நிறுத்தியபோது, இட்லிக்கடையைப் பூட்டிவிட்டு வந்த மலையம்மாள் முதல் ஆளாக ஏறி அமர்ந்தார்.

"ஸ்டாண்டுக்குத்தான் போறேன்க்கா. பெரியாருக்கா போகணும்?"

"வில்லாபுரத்துல எறக்கி விட்டுட்டுப் போ தம்பி. எந் தங்கச்சி தெருவுலயும் ஒரு வேம்பு சாஞ்சு கெடக்கு, இன்னும் கரண்டும் வரல, தண்ணியும் வரல. அந்தச் சுங்குடிச் சேலைய முத்துமீனாகிட்ட வாங்கிட்டு வா."