பிள்ளைகள் பேச வேண்டும் என்று பேசுகிறவர்

வாத்தியார்களில் 'வாயைத் திற' இனம் என்று ஒன்று உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் தனக்கு எது விளங்கியது, எது விளங்கவில்லை என்பது பிள்ளைக்கே பிடிபடும் என்று இவர்கள் நம்புகிறார்கள். நம்புவதோடு விடுவதில்லை. கூட்டத்தில் சொல்வார்கள், டீக்கடையில் சொல்வார்கள், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கம்பம் ஸ்டாப்பில் இறங்கித் தப்பிக்கும்வரை சொல்வார்கள். சொல்வதெல்லாம் சரிதான். ஆனால் இவர்கள் பக்கத்தில் இருந்தால் எந்தப் பிள்ளையாலும் பேச முடியாது.

உத்தமபாளையம் விஜயகுமார் இந்த இனத்துக்கு நல்ல மாதிரி. வீட்டின் முதல் பட்டதாரி. சாயங்காலம் மொட்டைமாடியில் டியூசன். பிள்ளை இரண்டு சொல் சொல்லிவிட்டு, மூன்றாவதைத் தேடி வானத்தைப் பார்க்கும் அல்லவா? அந்த இடைவெளிதான் இவனுக்கு ஆகாது. பாய்ந்து உள்ளே புகுந்து, வாக்கியத்தைத் தானே முடித்து, "வெரிகுட், நல்லாச் சொன்ன!" என்று பிள்ளையைப் பாராட்டியும் விடுவான். கல்லூரியில் வாய்மொழித் தேர்வன்று பதில் தெரிந்தும் நாக்கு எழாமல் நின்றவன் அவன். எந்தப் பிள்ளை தயங்கினாலும் அந்த நாள் நினைவுக்கு வந்துவிடும். காப்பாற்றுவது பிள்ளையையா, தன்னையா? அந்தச் சந்தேகம் அவனுக்கே உண்டு. யோசிப்பதற்குள் அடுத்த பிள்ளை தயங்கிவிடும்.

ஒருநாள், நாலாம் வகுப்பு ருக்சானாவின் அம்மா கைருன்னிசா மாடியேறி வந்தாள்.

"தம்பி, டீச்சர் கேட்டா இவ தெரிஞ்சதுக்கும் முழிக்கிறாளாம். பேச வைப்பீகன்னுதான் இங்கன விட்டேன். இன்னைக்கு எங் காதால கேக்கணும். இல்லாட்டி நாளைலருந்து அனுப்ப மாட்டேன்."

"கேளுங்கக்கா! ருக்சானா, கேரளாவுல அம்புட்டு மழை கொட்டுதுல்ல, மலைக்கு இந்தப் பக்கம் நமக்கு ஏன் தூறலோட நின்னுருது? நீயே சொல்லு."

"மேகம் வந்து... மலையில..."

"மோதுது! மோதி, மேல போயி, குளுந்து, அங்கனயே கொட்டிருது! வெரிகுட்!"

"தம்பி, நான் அவளத்தான் கேட்டேன்."

அங்கே நின்றால் வாய் சும்மா இருக்காது என்று விஜயகுமாருக்குத் தெரியும். "தண்ணி கொண்டாறேங்க்கா" என்று நழுவி, பாதிப் படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டான். மேலே ருக்சானாவின் குரல், கணீரென்று! ஒன்றாம் வகுப்பு நதியாவைப் பிடித்து எதிரே உட்கார வைத்திருக்கிறாள்.

"நதியா, மழை ஏன் இங்கன வரல? நீயே சொல்லு."

"மேகம்..."

"மலையில மோதுது! அங்கனயே கொட்டிருது! வெரிகுட், நல்லாச் சொன்ன!"

"யா அல்லா, என்னமாப் பேசுது எம் புள்ள!" கைருன்னிசா பூரித்துப்போனாள். தண்ணீரோடு வந்தவனிடம், "அப்படியே ஒங்களையே உரிச்சு வச்சிருக்கா தம்பி. நாளைக்கும் அனுப்புறேன்" என்றாள்.

அவன் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டிருக்கலாம். ஆனால் திறந்த வாய் மூடாமல் உட்கார்ந்திருந்த நதியா கண்ணில் பட்டுவிட்டாள். அவள் முன்னால் உட்கார்ந்தான். "நீ சொல்லும்மா." பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். நதியா வானத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். மெல்ல உதடு அசைந்தது.

"மேகம் வந்து..."

"மலையில மோதுது!" என்று இரண்டு குரல்கள் ஒன்றாகப் பாய்ந்தன. ஒன்று ருக்சானாவுடையது.

நீங்கள் அப்படியில்லையா? நேற்று உங்கள் பிள்ளை, "இன்னைக்கு ஸ்கூல்ல..." என்று தொடங்கியதே, அதை முடித்தது யார்? 'இல்லை, அது வந்து...' என்று இழுக்காதீர்கள். நீங்கள் சொல்ல வருவது எனக்குத் தெரியும். இருங்கள், நானே சொல்லிவிடுகிறேன்.