புராதனம் சேர் துவைத்த சட்டை

மாத்தளையில் புராதனம் சேரின் பேச்சை நடுவில் நிறுத்திய மனிதர் ஒருவரும் கிடையாது. மனிதரை விடுங்கள், ஊரடங்குச் சட்டத்தாலேயே முடியவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. டவுனில் ஒரே டியூட்டரியில் நான் கணக்குப் படிப்பித்தேன், அவர் இந்து நாகரிகம். மிளகு, கராம்பு வாங்கி விற்கும் ஒரு கடையின் மேல்மாடியில் இரண்டு பேருக்கும் ஒரே அறை. ஆகவே பகல் பேச்சு மாணவர்களுக்கு. மிச்சம் முழுவதும் எனக்கு. எந்த வாக்கியத்தையும் "புராதன காலத்துல" என்றுதான் தொடங்குவார். கடையில் பருப்பு கேட்டாலும் அப்படித்தான். பட்டப்பெயர் வைத்த மாணவனை நான் குறை சொல்லமாட்டேன்.

அவருக்கு ஒரே ஒரு பைத்தியம். ஒரு பெரிய கூட்டத்துக்கு நடுவே சின்னக் கூட்டமாக வாழ்ந்து, வேறு சாமியைக் கும்பிட்டவர்கள் யார், என்ன ஆனார்கள்? அநுராதபுரத்துச் சமணர்கள், ஆசீவகர்கள், கடல் கடந்து வந்த பாரசீகத்துக் கிறிஸ்தவர்கள் எல்லாரும் அவருக்குச் சொந்த மாமன் மச்சான் மாதிரி. பாடப் புத்தகத்தில் ஒரு வரி இருந்த சமணர்களுக்கு அவர் மூன்று மாதத் தவணை ஒன்றையே ஒதுக்கினார். பிள்ளைகள் நடுங்கிப் போனார்கள்.

"சேர், இது சோதனைக்கு வருமா?"

"சோதனைக்கு வராதுடா. ஆனா நூறு பேரு இருக்க ஊர்ல மூணு பேரா இருந்தவன் எப்பிடிச் சோறு தின்னான், எங்க பொண்ணு கட்டினான், செத்தா எங்க பொதைச்சாங்க, இதெல்லாம் ஒனக்குத் தெரிய வேணாமா?"

"சோதனைக்கு வர்றத எப்ப சேர் படிப்பிப்பீங்க?"

"அதப் புஸ்தகத்துல போட்டிருக்கே! அதுக்கு நான் எதுக்கு?"

புத்தகத்தோடு நின்றாரா என்றால் இல்லை. நோன்பு மாதம் வந்தால் பள்ளிவாசலில் கஞ்சிக் கோப்பையோடு உட்கார்ந்து, பக்கத்திலிருந்த பெரியவரின் ஏழு தலைமுறையை விசாரிப்பார். வெசாக்குக்கு ஊருக்கே இலவசமாகச் சோறு போடுகிற தன்சலில் வரிசையில் நின்றபடியே புத்த பிக்குவிடம் சந்தேகம் கேட்பார். நத்தாருக்குப் பாதிரியார் வீட்டில், அம்மன் தேருக்கு அன்னதானப் பந்தியில் என்று எங்கே இலை விரிந்தாலும் ஆராய்ச்சி நடந்தது. "ஆராய்ச்சிக்குப் போறேன்" என்று அவர் சொன்னால் அன்றைக்கு அறையில் நான் ஒரு ஆளுக்குச் சோறு ஆக்கினால் போதும்.

ஒருநாள் பொழுது சாயும் முன்பே ஊரடங்கு போட்டுவிட்டார்கள். தெருவில் ஒரு நாய் கூட இல்லை. கீழே துப்பாக்கியோடு ஒரு இளம் சிப்பாய் மட்டும். இவர் எனக்கு ஆசீவகர்களின் விதிக் கொள்கையை விளக்கிக்கொண்டிருந்தார். குரல் தெருக்கோடி வரை போனது. "யாரங்கே சத்தம்?" என்று சிங்களத்தில் ஒரு அதட்டல் வந்தது. என் விதி முடிந்தது என்று நான் கட்டிலுக்குக் கீழே போனேன். இவரோ ஜன்னலில் தலையை நீட்டி, அழகான சிங்களத்தில், தம்பி முறை வைத்து, "மல்லி, ஒங்க ஊரு எது?" என்றார்.

திகைத்துப் போன சிப்பாய், "வில்கமுவ" என்று சொல்லித் தொலைத்தான். அவ்வளவுதான். வில்கமுவைக் காட்டுக் குகைகளில் ராஜா சொல்லையும் கேட்காமல், பெரிய விகாரைக்கும் பணியாமல் தனியே தவம் செய்த துறவிகளின் கதை ஜன்னல் வழியே இறங்கியது. அவன் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு அண்ணாந்து நின்றான். கடைசியில், "சேர், எங்க பெரியவர் ரோந்து வாற நேரம், ஜன்னலச் சாத்துங்க" என்று கெஞ்சினான். மறுநாள் ஊரடங்கு போட்டதும் அவனே ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று மேலே பார்த்தான். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

இன்னொரு தரம் பிள்ளைகளையும் என்னையும் தம்புள்ளை ரோட்டில் இருக்கிற நாலந்தாவுக்குக் கூட்டிப்போனார். கோயில் மாதிரியும் விகாரை மாதிரியும் நிற்கிற அந்தக் கல் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி விளக்கியதில் கடைசி பஸ் போய்விட்டது. தம்புள்ளையிலிருந்து வந்த மரக்கறி லொறி ஒன்றில் பூசணிக்காய்களின் மேல் உட்கார்ந்து ஊர் திரும்பினோம். வழி நெடுக அவர் பேசினார். லொறிக்காரர் டவுனில் எங்களை இறக்கிவிட்டுச் சொன்னது ஞாபகம் இருக்கிறது: "இவர மட்டும் முன் ஸீட்ல ஏத்தாதது நல்லதாப் போச்சு."

இப்படிப்பட்டவரிடம்தான், கீழே கடைக்கு மிளகு கொண்டுவருகிற யட்டவத்த நானா ஒருநாள் மாடிப்படி ஏறி வந்து வாயைத் திறந்தார். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"சேர், எங்கட ஊட்டு வளவுல உடுப்புக் கழுவுற கல்லு ஒண்டு ஈக்குது. ஆடுதுண்டு நேத்துப் பொரட்டிப் பாத்தா அடியில சித்திர வேலை. எங்கட வாப்பாட வாப்பா காலத்துலேந்து அது கவுந்தே கெடந்தீக்குது."

புராதனம் சேர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. விடிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்தார். யட்டவத்தையில் இறங்கியதும் தேத்தண்ணிக் கடையில் வழி கேட்டார். வழியை மட்டும் கேட்டிருக்கலாம். ஏன் போகிறோம் என்பதையும், அங்கே என்ன கிடைக்கப் போகிறது என்பதையும் தமிழில் ஒரு தரம், சிங்களத்தில் ஒரு தரம் கடை முழுவதற்கும் அறிவித்துவிட்டுத்தான் நடந்தார்.

கிணற்றடியில் கல்லைப் புரட்டினோம். அவர் குப்புறப் படுத்துவிட்டார். கைக்குட்டையால் துடைத்தார், ஊதினார், விரலால் தடவினார். எனக்குத் தெரிந்ததெல்லாம் தேய்ந்த தாமரை இதழும் அதன் மேல் ஏதோ நிற்கிற தடமும்தான். அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"கணக்கு சேர்! கணக்கு சேர்! இருவது வருசமா தேடுறேன் சேர் இத!"

"என்னது சேர் அது?"

"இருங்க, இருங்க, இன்னும் கொஞ்சம் தொடைச்சுட்டுச் சொல்றேன்!"

அப்போது நானாவின் மனைவி குசினி வாசலுக்கு வந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"சேர், கோவிக்க வாணாம். அடுத்த ஊர்ல எங்கட சாச்சாட வளவுலயும் பழைய செங்கல்லு ஒண்டு கெடச்சிச்சி. ஜீப்புல பெரிய ஆக்கள் பாக்க வந்தாங்க. பாத்துட்டு முளை அடிச்சாங்க. பொறவு இது புராதன எடமுண்டு வேலி போட்டாங்க. இப்ப சாச்சா மருமகன்ட ஊட்டுல ஒண்டி ஈக்குறாரு. எங்களுக்குப் போக வேற எடமில்ல சேர். பாத்துட்டுச் சத்தமில்லாமப் போயிடுங்க."

புராதனம் சேர் எழுந்து உட்கார்ந்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் தெருவில் ஜீப் சத்தம் கேட்டது. அவர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"ஐயோ, கடையில சொல்லிட்டேனே!"

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். "நானா, புடிங்க!" என்றார். மூன்று பேருமாகக் கல்லைக் கவிழ்த்தோம். மறு நிமிஷம் சட்டையைக் கழற்றினார். அவரிடம் இருந்த ஒரே நல்ல சட்டை. "தங்கச்சி, சவர்க்காரம்! சீக்கிரம் சவர்க்காரம் குடுங்க!"

ஜீப்பிலிருந்து வெள்ளை உடுப்பில் ஒரு பெரிய மனிதரும், கமராவோடு ஒருவரும், அளவு நாடாவோடு ஒருவரும் இறங்கியபோது, பழைய கல்லைக் கண்டாலே செருப்பைக் கழற்றச் சொல்லுகிற எங்கள் புராதனம் சேர் மார்பு தெரிய நின்று, அந்தக் கல்லில் சட்டையை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், ஏதோ புராதனக் கல் என்று கடையில் சொன்னீர்களாமே? நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எங்கே அது?" என்று வெள்ளை உடுப்புக்காரர் சிங்களத்தில் கேட்டார்.

"இதுதாங்க. துணி தொவைக்கிற கல்லு. நானும் ஓடிவந்து பாத்து ஏமாந்துட்டேன். வந்ததுக்குச் சட்டையாவது வெளுக்கட்டும்."

"புரட்டிப் பார்க்கலாமா?"

நானாவின் மனைவி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"தாராளமாப் பொரட்டுங்க. தங்கச்சி இப்பதான் கைப்புள்ளையோட பீத்துணி அலசினாங்க, அடியில எல்லாம் தேங்கிக் கெடக்கும். கொஞ்சம் அந்தப் பக்கமாப் பிடிச்சீங்கன்னா..."

வெள்ளை உடுப்பு இரண்டு அடி பின்னால் போனது.

"மாஸ்டர், ஆனால் உங்கள் கண் தப்பாதே?"

"எங்கங்க! போன வருசம் ரோட்டோர மைல் கல்லயே சமணக் கல்லுன்னு ஊரக் கூட்டினேனே, ஒங்களுக்குத் தெரியாதா? எனக்குக் கல்லுப் பைத்தியம்." அப்படி ஒரு மைல் கல் சம்பவமே நடக்கவில்லை. நின்ற நிற்பில் இட்டுக்கட்டினார். கமராக்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நுரை வழியும் கையோடு இவரும் சிரித்தார். ஜீப் போய்விட்டது.

அந்தக் கதை எங்களுக்கு முன்னால் மாத்தளைக்கு வந்து சேர்ந்தது. அடுத்த வாரமே பிள்ளைகள் பெயரை மாற்றிவிட்டார்கள்: சவர்க்காரம் சேர். அதற்குப் பிறகு அவர் எந்தக் கல்லைப் பற்றி என்ன சொன்னாலும், "சேர், அதுல தொவைக்கலாமா?" என்று ஒரு குரல் வரும். ஒருவருக்கும் அவர் மறுத்துப் பேசவில்லை.

அன்று திரும்பும் பஸ்ஸில் ஈரச் சட்டையோடு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பயமே வந்துவிட்டது. "எந்தச் சமயத்துக் கல்லு சேர் அது?" என்று நானே கேட்டேன். ஆயுசிலேயே நானாகக் கேட்ட முதல் கேள்வி.

"அத விடுங்க கணக்கு சேர். சின்னக் கூட்டமா இருந்தவங்க எங்க போனாங்க, எங்க போனாங்கன்னு தேடிக்கிட்டே இருந்தேன். இன்னைக்கு இருக்கிறவங்கள நானே அனுப்பி வச்சிருப்பேனே!" என்றார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இன்றைக்கும் பழைய மாணவர்கள் யாராவது, "சவர்க்காரம் சேர ஞாபகம் இருக்கா?" என்று கேட்டால் நானும் சேர்ந்து சிரிக்கிறேன். சிரித்து ஓய்ந்ததும், அந்த மனிதர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை, விடிய விடியப் பேசமாட்டாரா என்று இருக்கிறது.