மோடு அக்காவும் ஓடுகிற பொம்மையும்

திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவில் மோடு அக்காவுக்குப் பயப்படாத ஆளே கிடையாது. கையில் கேமராவோடு அவள் வந்தால் தெருநாய்கூட எதிர்ப்பக்கம் போய்விடும்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவள் தம்பி துபாயிலிருந்து ஒரு டிஜிட்டல் கேமரா அனுப்பினான். தெருவுக்கே அதுதான் முதல். அதன் தலையில் மோடை, அதாவது படம் எடுக்கும் விதத்தை, மாற்ற ஒரு சின்னச் சக்கரம். அதில் ஆட்டோ என்ற எழுத்து, பக்கத்தில் மனுஷத் தலை, மலை, பூ, ஓடுகிற பொம்மை.

"ஆட்டோல வெச்சி அமுக்கு, போதும். மத்தத தொட்டா கெட்டுடும்" என்றார் அவள் கணவர்.

"ஆட்டோ ஸ்டாண்டுல கீது. நீ வேணா ஏறிப் போ!"

அன்றிலிருந்து அவள் ஆட்டோவைத் தொடவே இல்லை. மற்ற மோடுகளையே திருகித் திருகி மோடு அக்கா ஆனாள். பூந்தமல்லியில் ஒரு கல்யாணம். பூ மோடில் வைத்து, மணப்பெண்ணின் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் கேமராவை நீட்டினாள். மூக்குத்திக் கல் பளிச்சென்று விழுந்தது. பின்னால் நின்ற மாப்பிள்ளை வெறும் புகையாக விழுந்தார்.

"மாப்ள எங்கம்மா?" என்று பெண்ணின் அப்பா பதறினார்.

"பூ மோடு கிட்டக் கீறத்துக்குதான் நைனா. அவர தள்ளி நிக்கச் சொன்னது யாரு?"

அந்த வருஷம் எங்கள் தெருக் குட்டையில் ஒரு லாரி தினமும் காலையில் இடிபாட்டைக் கொட்டிவிட்டுப் பறந்தது. குட்டை மேடானது, மழைக்குத் தண்ணீர் வீடுகளுக்குள் வந்தது. நகராட்சி அலுவலகத்தில் புகார் கொடுக்கப் போனால், "நம்பர் இல்லாம என்ன பண்றது?" என்றார் அதிகாரி. அக்காவின் கேமராவை வாங்கி ஆட்டோவில் வைத்து நான் எடுத்தேன். நம்பர் இருந்த இடத்தில் இழுத்துவிட்ட சுண்ணாம்பு மாதிரி ஒரு கோடு.

"குடு இங்க. ஓட்ற வண்டிக்கு ஓட்ற பொம்மடா!"

மறுநாள் சக்கரத்தைத் திருகிக்கொண்டு நடுரோட்டில் போய் நின்றாள். ஹாரன் அலறியது. அவள் நகரவில்லை. லாரி பிரேக் போட்டு உறுமியது.

"ஊட்ல சொல்லிகினு வந்தியா?" என்று கத்தினான் டிரைவர்.

"சொல்லிகினுதான் வந்தேன். நேராப் பாரு, மூஞ்சியும் வுழணும்!"

ஒரு கிளிக். அவன் ஒடித்துத் திருப்பிப் பறந்தான். பின்னாலிருந்து இன்னொரு கிளிக்.

அன்றைக்கே ஒயரோடு அந்த அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்த டிவியில் மாட்டினாள். புழுதி அப்படியே அந்தரத்தில் நின்றது. நடுவே நம்பர், சிலேட்டில் எழுதிய மாதிரி.

"எனக்குக் கண்ணு மங்கல் சார். நீயே சத்தமாப் படி."

அங்கே கூடியிருந்தவர்கள் முன்னால் அதிகாரி படித்தார். அதற்குப் பிறகு அந்த லாரி எங்கள் பக்கம் வரவே இல்லை.

அக்கா பிறகு வெள்ளானூருக்குக் குடிபோய்விட்டாள். என் மகளின் காதுகுத்துக்குப் பெரிய ஸ்டுடியோவில் ஆள் சொல்லியிருந்தேன். ஆனாலும் முதல் பத்திரிகையோடு வெள்ளானூர் பஸ் ஏறினேன். படம் எடுக்க யார் வேண்டுமானாலும் வரலாம். அவள் வந்து அதட்டினால்தான் படத்தில் எனக்குச் சிரிப்பு வரும்.