ஏழு திரைச் சாமி

திருவிடந்தைக்கு அப்பால், ஈ.சி.ஆரை ஒட்டிய சவுக்குத் தோப்பில் கண் திறக்கப்படுகிறது. ஞாயிறும் செவ்வாயும். விடிவதற்குள் கார்கள் ரோட்டோரம் வரிசை கட்டிவிடும். கூடுவாஞ்சேரியிலிருந்து வேன் வைத்து வருகிறார்கள். ஷேர் ஆட்டோக்காரர்கள் "கண்ணு, கண்ணு, கண்ணு" என்று கூவியே ஆள் ஏற்றுகிறார்கள். கத்தி இல்லை, ஊசி இல்லை, சொட்டு மருந்து இல்லை. ஒரு செப்புக் குழாய், ஒரு பித்தளைத் தட்டு, ஒரு சாமி. அவ்வளவுதான் ஆஸ்பத்திரி.

சாமி குழாயின் ஒரு முனையை நோயாளியின் கண்ணோரம் வைப்பார். மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சுவார். கன்னம் குழியும். பிறகு தட்டில் துப்புவார். வெள்ளையாய், மெல்லிசாய், ஈரமாய் ஒரு சவ்வு. கண்புரை. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். நோயாளியின் கண்ணில் நீர் தாரை தாரையாய்க் கொட்டும். பாவம் கரைகிறது என்பார் சாமி. கொட்டி முடிந்ததும், "வெளிச்சமா கீதா?" என்று கேட்பார். வெயிலைப் பார்த்து உட்கார வைத்துவிட்டுக் கேட்டால் யாருக்குத்தான் வெளிச்சமாக இருக்காது?

ஒரு கண்ணுக்கு ஏழு திரையாம். வாரத்துக்கு ஒன்றுதான் எடுக்கலாமாம். ஏன் ஏழு? ஆறு என்றால் ஒரு வாரக் காணிக்கை குறையும். இடையில் கண்ணில் கத்தி பட்டால் எடுத்த திரையெல்லாம் திரும்பி வந்துவிடும் என்பது கூடுதல் நிபந்தனை.

சாமியின் பழைய பெயர் ஜெகதீசன். மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகும் வழியில் கூலிங் கிளாஸ் விற்றுக்கொண்டிருந்தார். ஆகவே கண் துறையில் முன் அனுபவம் இல்லை என்று சொல்ல முடியாது. ஓர் ஆடி அமாவாசையன்று கனவில் அம்மன் வந்து குழாயைக் கையில் கொடுத்தாளாம். படிப்பு அதோடு முடிந்தது. எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், பிறகு நுழைவுத் தேர்வு, பிறகு கண் மருத்துவம் மூன்று வருடம் என்று அல்லாடுகிறவர்கள் செய்த தப்பு ஒன்றுதான். அவர்கள் சரியாகத் தூங்கவில்லை.

அப்படித் தூங்காமல் படித்த ஒருவர் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் இருந்தார். டாக்டர் ஜெயப்பிரியா. கண் பிரிவுக்கு இரண்டு டாக்டர்கள் என்பது காகிதத்தில். இரண்டாவது நாற்காலியில் மருந்து அட்டைப்பெட்டிகள் உட்கார்ந்திருந்தன. கண்ணாடிப் பவர் பார்க்கிறவர் ஓய்வு பெற்றுப் போனார். அந்த இடத்துக்கும் ஆள் வரவில்லை. பவர் பார்ப்பது, சொட்டு மருந்து விடுவது, அறுவை செய்வது, கண் முகாமில் ஆள் ஏன் குறைந்தது என்று மேலிடத்துக்கு ஃபோனில் பதில் சொல்வது எல்லாம் அவரே. மதியச் சாப்பாடு சாயங்காலம், நின்றபடி. மைக்ராஸ்கோப்பில் குனிந்து குனிந்து கழுத்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டது. வெளியே நோயாளிகளுக்கு பெஞ்ச் போதாது. சாமியின் கொட்டகையிலோ நாற்காலி, மின்விசிறி, மோர். ஜனங்கள் எங்கே போவார்கள்?

அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு திங்கட்கிழமை சதாசிவம் வந்தார். படகு எஞ்சின் மெக்கானிக். இரும்புத் துண்டு தெறித்து வலது கண் போய்விட்டது. அந்த இடத்தில் பிளாஸ்டிக் கண் பொருத்தியிருந்தார். இடது கண்ணோடு ஒப்பிட்டால் வித்தியாசமே தெரியாது. இது கொஞ்சம் அழகு, அவ்வளவுதான். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டத்தான் வந்திருந்தார்.

"உங்க தங்கச்சி சம்பூர்ணம் எங்க?" என்றார் ஜெயப்பிரியா. "வெள்ளிக்கிழமையே வந்து அட்மிட் ஆகச் சொன்னேன். வரலை."

"அது சாமிகிட்ட போய்கினு கீது டாக்டரம்மா. ரெண்டு திரை எடுத்தாச்சாம். இன்னும் அஞ்சு பாக்கியாம்."

ஜெயப்பிரியா பேனாவை வைத்தார்.

"அவங்களுக்கு இருக்கிறதே ஒரு கண்ணு. இன்னொண்ணு சின்ன வயசுலயே அம்மையில போயிடுச்சு. இருக்கிற கண்ணுல புரை முத்தி, உள்ள அழுத்தம் ஏறிக்கிட்டே இருக்கு. தலைவலின்னு சொன்னாங்களா?"

"தலைவலி இன்னா, வாந்தியே எடுத்துச்சி."

"அப்போ நரம்பு செத்துக்கிட்டு இருக்கு. இந்த வாரம் அறுக்கலைன்னா பார்வை மொத்தமா போயிடும். செத்த நரம்பை யாராலயும் எழுப்ப முடியாது. நானே போய்ப் பேசலாம்னா, வெளிய பாருங்க."

சதாசிவம் பார்த்தார். வரிசை கேட் வரைக்கும் நின்றது.

"நீங்க வந்தா மட்டும் கேக்கவா போவுது? கத்தி புடிக்கிறவங்க வயித்தெரிச்சல்ல பேசுறாங்கன்னு சொல்லும்." கொஞ்சம் யோசித்தார். "நானே போறேன். எனக்கும்தான் வலது கண்ணு தெரியல. சாமி திரை எடுக்கட்டுமே."

ஜெயப்பிரியா அவரையே பார்த்தார். பிறகு அந்த மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

"இருங்க," என்றார். "இன்னும் நல்லா பாலிஷ் பண்ணித் தரேன்."

மறுநாள் சவுக்குத் தோப்பில் சதாசிவத்துக்குப் பக்கத்து நாற்காலியில் ஜானகிராமன் உட்கார்ந்திருந்தார். அணுபுரம் குடியிருப்பு. அணு ஆராய்ச்சியில் உத்தியோகம்.

"சார், நீங்க படிச்சவரு. இந்தத் திரை எப்டி சார் வருது?"

"வேக்குவம் சார். சக்‌ஷன். நம்ம முன்னோர்கள் அப்பவே கண்டுபிடிச்சிட்டாங்க. ஆஸ்பத்திரியில அதையேதான் மெஷின் வச்சுப் பண்றாங்க."

"அப்போ மெஷின்கிட்டயே போவலாமே?"

"மெஷினுக்கு பக்தி இருக்காதே சார்."

அணுவைப் பிளக்கலாம். இந்த மண்டையைப் பிளந்து உள்ளே எதையும் போட முடியாது.

சம்பூர்ணம் முன்வரிசையில், தலையைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் ரத்தமாய்ச் சிவந்திருந்தது. குரலை வைத்து அண்ணனைக் கண்டுபிடித்தாள்.

"இன்னாண்ணா, நீ எங்க இங்க?"

"கண்ணு தெரியல, வந்தேன்."

"இப்பவாச்சும் புத்தி வந்துச்சே. சாமி நெனச்சா கட்டாந்தரையில கூட கண்ணு மொளைக்கும்."

"தலைவலி எப்டி கீது?"

"உயிர் போவுது. திரை கயலும்போது அப்டித்தான் வலிக்கும்னு சாமி சொல்லிச்சி."

சதாசிவம் பல்லைக் கடித்துக்கொண்டார். "உன் டோக்கன குடு. நான் மொதல்ல போறேன்."

சாமி சதாசிவத்தின் வலது கண்ணைக் கூர்ந்து பார்த்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"எவ்ளோ நாளா தெரியல?"

"நாலஞ்சு வருசமா சாமி. துளிகூட தெரியல."

"எப்டி தெரியும்? போன ஜென்மத்துல எவனோ நல்லா வாழுறத பாத்து வயிறெரிஞ்சிருக்க. கெட்டித் திரை. ஆனா பயப்படாத. கண்ணு உள்ள உசுரோட கீது. நரம்பு துடிக்கிறது எனக்குத் தெரியுது."

குழாயை வைத்தார். உறிஞ்சினார். துப்பினார். தட்டில் வெள்ளைச் சவ்வு பளபளத்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"முழுசா வந்துட்டுதா சாமி?"

"வேரோட வந்துட்டுது. நல்லா முயிச்சிப் பாரு. வெளிச்சமா கீதா?"

"இந்தக் கண்ணுலேர்ந்துதான எடுத்தீங்க? வேற எங்கயும் இல்லியே?"

"இத்தினி பேர் பாத்துகினுதான கீறாங்க."

"அப்போ இதையும் பாத்துக்கட்டும்."

சதாசிவம் கீழிமையை விரலால் அழுத்தினார். கண் உள்ளங்கையில் விழுந்தது. அதைத் தட்டில், அந்தச் சவ்வுக்குப் பக்கத்தில் வைத்தார். அது சாமியையே பார்த்துக்கொண்டு கிடந்தது.



"இது பிளாஸ்டிக்கு சாமி. போன ஜென்மத்துல கொடமா இருந்துதா?"

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். சாமிக்கு வியர்த்தது. ஆனால் தொழில்காரர் அல்லவா? எழுந்து நின்று இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

"பாத்தீங்களா ஆத்தா சக்திய. உசுரில்லாத கண்ணுலயே திரை எடுத்துட்டா. உசுருள்ள கண்ணு எம்மாத்திரம்?"

கூட்டம் மறுபடி கன்னத்தில் போட்டுக்கொண்டது. நம்புங்கள், போட்டுக்கொண்டது. ஜானகிராமன் தலையாட்டினார். "பாலிமர் மேல லேயர் ஃபார்ம் ஆகும் சார். வாய்ப்பு இருக்கு."

பொய்க் கண்ணைக் காட்டியும் புரியாத ஜனங்களை சதாசிவம் எதிர்பார்க்கவில்லை. ஒற்றைக் கண்ணால் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு சாமியிடம் திரும்பினார்.

"சரி. அடுத்த ஆளுக்கு உறிஞ்சறதுக்கு முன்னாடி, கொஞ்சம் வாயத் தொறந்து காட்டு."

சாமி உதட்டின் மேல் விரலை வைத்தார். வானத்தைக் காட்டினார். மௌன விரதம் அந்த நொடியில் தொடங்கிவிட்டது.

"ஏன் சாமி, வாயத் தொறந்தா இன்னா?" என்று கேட்டாள் சம்பூர்ணம். அவள் குரலில் முதல் தடவையாக ஒரு நெருடல். சாமி தலையை மட்டும் ஆட்டினார். அது அவளுக்குத் தெரியவில்லை. எழுந்து, தடவிக்கொண்டே கிட்டே போனாள்.

சம்பூர்ணம் மீன் விற்கிறவள். பழைய மீனைப் புதுசு என்று சொல்கிற ஏலக்காரனிடம் அவள் எப்போதும் வாதாடியதில்லை. செவுளைத் திறந்து பார்த்துவிடுவாள். இப்போதும் அதைத்தான் செய்தாள். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சாமியின் தாடையில் இரண்டு பக்கமும் இறங்கின. வாய் தானாகத் திறந்தது. கன்னத்துக்குள் விரலை விட்டு ஒரு சுருளை இழுத்தெடுத்தாள். ஈரமான வெள்ளைச் சவ்வுகள், ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து வைத்தவை. முகர்ந்து பார்த்தாள்.

"வெங்காயம்," என்றாள்.

வெங்காயத்தின் உள்தோல். கண்ணில் கரைந்து கொட்டிய பாவம், குழாயில் ஒட்டிய இதன் சாறுதான்.

"அஞ்சு பாக்கின்னு சொன்னியே," என்று கேட்டாள் சம்பூர்ணம், தாடையை விடாமல். "எல்லாம் இங்கதான் கீதா?"

சாமி ஒரே உதறலில் விடுவித்துக்கொண்டு சவுக்குத் தோப்புக்குள் ஓடினார். நான்கு பேர் துரத்தினார்கள். மற்றவர்கள் மோரைக் குடித்து முடித்தார்கள். ஜானகிராமன் மட்டும் சதாசிவத்தின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"சார், அது சின்ன வெங்காயமா, பெரிய வெங்காயமா?"

அன்று மதியமே சம்பூர்ணத்தை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அழுத்தத்தை இறக்கி, மறுநாள் முதல் ஆளாக அறுவை செய்தார் ஜெயப்பிரியா. கட்டைப் பிரித்தபோது நேர் எதிரே இருந்ததெல்லாம் தெரிந்தது. பக்கவாட்டில் தெரியவில்லை.

"ஓரமெல்லாம் இருட்டா கீதே டாக்டரம்மா."

"அது திரும்பாது. முதல் திரைக்கு அங்க போன அன்னிக்கே இங்க வந்திருந்தா, அதுவும் இருந்திருக்கும்."

சம்பூர்ணம் தலையைத் திருப்பித் திருப்பி அறையைப் பார்த்தாள். பிறகு, "அவன் வாய அன்னிக்கே தொறந்து பாத்திருக்கணும்," என்றாள்.

துரத்தியவர்கள் பிடித்துப் போலீசில் ஒப்படைத்த ஜெகதீசன் ஜாமீனில் வந்துவிட்டார். அந்தத் தோப்பில் இப்போது வேறொருவர், வயிற்றில் வாய் வைத்துக் கிட்னிக் கல் எடுக்கிறார். ஷேர் ஆட்டோக்காரர்கள் "கல்லு, கல்லு" என்று கூவுகிறார்கள். முன்வரிசையில் ஜானகிராமன் உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு மட்டும் இன்னும் இரண்டாவது டாக்டர் வரவில்லை.

ஒருவனைப் பார்த்து "வாயைத் திற" என்று சொல்வதற்கு எந்தப் படிப்பும் தேவையில்லை. சொல்லாமல் வரிசையில் உட்கார்ந்திருப்பதற்குத்தான் நிறையப் படித்திருக்க வேண்டும் போலிருக்கிறது.